துண்டு துண்டாக வேலை பார்த்தவர்

கடப்பாக்கம் கம்ப்யூட்டர் கடையில் அன்னைக்கு இருந்தவர்கள்: பட்டாவுக்கு ஒரு பெரியவர், ஆதாரில் பேர் திருத்த ஒரு அம்மா, ரேஷன் கார்டுக்கு ஒரு மீன்காரர், காப்பீட்டு அட்டைக்கு நான். என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். ரெண்டு மணிக்குள் அட்டையை ஆஸ்பத்திரியில் காட்டணும்.

கடைக்காரருக்குத் தூக்கமில்லாத கண். யார் வேலையையும் ஒரே மூச்சில் முடிக்க மாட்டார். கொஞ்சம் அடிப்பார், நிறுத்தின இடத்தைச் சீட்டில் குறிப்பார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அண்ணாத்த, என்னுத முடிச்சிட்டு அடுத்தாளப் பாக்கக் கூடாதா?"

"ஓடிபி வந்துச்சா உனக்கு?"

"இல்ல."

"வர்ற வரைக்கும் உன் மூஞ்சியவா பாத்துகினு இருப்பேன்? குந்து. இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ளயும் இதே கதைதான். கெர்னல்னு ஒன்னு கீது. எல்லா வேலைக்கும் துளித்துளியா நேரம் குடுக்கும். நேரம் முடிஞ்சா நிறுத்தி, விட்ட இடத்தக் குறிச்சி வெச்சுக்கும். காத்துகினு கீற வேலைய ஓரமா வெச்சிட்டு அடுத்தத எடுக்கும். அவசரம்னா முன்னால இழுக்கும்."

"என்னுது அவசரம். ஆபரேஷன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

மீன்காரர் சிரித்தார். "ஊமையாட்டம் குந்திகினு இருந்தா கெர்னலுக்கு எப்டிப்பா தெரியும்?"

அப்புறம் ஓடிபி வந்ததும், ஒரு ஆள் விட்டு ஒரு ஆள் என்னைத்தான் கூப்பிட்டார். பன்னெண்டரைக்கு அட்டை கைக்கு வந்தது. என்னால் பெரியவர் முறை தள்ளிப் போனது. அன்னைக்கு அவருக்குப் பட்டா கிடைத்ததா, தெரியாது. கடைக்காரர் செய்தது சரியா என்பதும் இன்னும் பிடிபடவில்லை.

ஓர் அட்டைக்கு நான் எழுந்து போனது ஏழு தடவை.