வதங்கியதும் வதக்கியதும்

நேற்று எங்கள் மூலக்குளம் வீட்டில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த மருமகள், "வதக்குறதுன்ற வார்த்தை எதுலேர்ந்து வந்துச்சு மாமா?" என்று கேட்டாள். 'வதங்கு' என்பதிலிருந்து என்றேன். அந்தச் சொல்லைப் படித்த நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது ஆறாவது படித்தேன். அடுப்படியில் உட்கார்ந்து தமிழ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். தானாக வாடினால் வதங்குதல், இன்னொருவர் வாட்டினால் வதக்குதல். அம்மா வாணலியில் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். மில் வேலைக்குப் போயிருந்த அத்தா, என் அப்பா, சீக்கிரமே திரும்பி வந்து, கைகால்கூடக் கழுவாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"என்னங்க, மொகம் இப்படி வதங்கிப் போயிருக்கு?" என்றார் அம்மா.

"மில்ல மூடிட்டாங்க."

நான் நோட்டிலிருந்து நிமிர்ந்தேன். "அம்மா, வதங்குச்சுன்னா தானா வாடுனது. அத்தா தானா வாடுனாரா, யாராவது வதக்குனாங்களா?"

அம்மா கிளறுவதை நிறுத்திவிட்டார். வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அத்தா வழக்கம்போலக் குளித்து, மில் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். அம்மாவும் தூக்கில் சோறு போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அந்தத் தூக்கு திறக்கப்படாமலே திரும்பி வந்தது. அன்று முழுக்க அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.