திருத்தம் கோரி மாதாவுக்கு ஒரு மனு

அன்பான பங்கு மக்களே, இந்த ஆலயத்தில் இதுவரை சாட்சி சொன்னவர்கள் நோயிலிருந்தும் விபத்திலிருந்தும் காப்பாற்றப்பட்டவர்கள். நான் என் பொறாமையிலிருந்து காப்பாற்றப்பட்டவன். என் மனுவை ஏற்கெனவே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டீர்கள். மீதியையும் கேட்பதுதான் முறை.

என் பேத்தி அமலிக்கு மூன்று வயது நெருங்கியும் பேச்சு வரவில்லை. ‘அம்மா’கூட இல்லை. வேண்டியதை விரலால் காட்டுவாள், கிடைக்காவிட்டால் அழுவாள். மருத்துவர் சோதித்துப் பார்த்து, காது நன்றாக இருக்கிறது, வீட்டில் நிறையப் பேசுங்கள் என்றார். என் மருமகனுக்கு மஸ்கட்டில் வேலை. மகள் செலினுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் மனைவி காலமாகி நான்கு வருடம். ஆகவே அமலிக்குப் பேச்சுக் கற்றுத்தரும் பொறுப்பு என்னிடம் வந்தது.

வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எதையும் முறைப்படி செய்வேன். காலை பத்து மணி முதல் பதினொன்று வரை படஅட்டை. மாலை நாலு மணி முதல் ஐந்து வரை எழுத்துப் பலகை. யானைப் படத்தைக் காட்டி, ஆட்காட்டி விரலை உயர்த்தி, “யானை. சொல்லு. அமலி, சொல்லு” என்பேன். அவள் என் வாயையே பார்ப்பாள். பிறகு அட்டையைக் கடிப்பாள். இப்படி எட்டு மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலில் நின்று காய்கறி வண்டிக்காரரோடு விலை பேசும். அதைப் பார்க்கக் கூடாது என்று சன்னலைச் சாத்திக்கொள்வேன்.

கைவிட்ட நிலையில்தான் ஆலயத்து மன்றாட்டுப் பெட்டியில் முதல் மனுவைப் போட்டேன். ‘என் பேத்தி பேச வேண்டும்.’ அவ்வளவுதான்.

அந்த வாரமே நன்னிலம் பக்கத்திலிருந்து சம்பந்தி சவரிமுத்து வந்து இறங்கினார். அவரும் மனைவியை இழந்தவர். சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்குக் கொஞ்சம். சின்னப் பேரனைப் பார்க்க நாலு நாளுக்கு என்று வந்தவர், அமலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். நாலு நாள் நாற்பது நாளானது.

துணி துவைக்கும் கல்லிலிருந்து வாழைமரம் வரை மண்ணைக் கீறி ஒரு குட்டி வாய்க்கால் வெட்டினார் மனுஷன். நடுவில் ஒரு பிடி மண்ணை வைத்து மடை கட்டினார். தண்ணீர் வந்து மடையில் முட்டி நிற்கும். இருவரும் குந்தியிருந்து அதைப் பார்ப்பார்கள். “தொறக்கலாமா, வேணாமா?” என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருப்பார். பதில் வராது. அவருக்கு அவசரமும் கிடையாது. ஒரு பீடியை எடுத்து, செலின் திட்டுவாளே என்று திரும்ப மடியில் செருகிக்கொள்வார்.

ஒன்பதாம் நாள் காலை. பத்து மணி வகுப்புக்கு அமலியைக் கூப்பிட யானை அட்டையோடு அடுக்களை வாசலில் நிற்கிறேன். மடையில் தண்ணீர் தளும்பி நிற்கிறது.

“தொற” என்றாள் அமலி.

செலின் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள். சவரிமுத்து, “உத்தரவு வந்துருச்சு” என்று மண்ணைத் தள்ளித் தண்ணீரை விட்டார். நானும் சிரித்தேன். உள்ளே என்னவோ எரிந்தது. நான் கேட்ட வரம்தான். கேட்டது நான், கைச்சாத்துப் போட்டு வாங்கிக்கொண்டது அவர்.

இரண்டாவது வார்த்தை ‘தாத்தா’. அதுவும் அவருக்கே. ஒரு நோட்டில் தேதி போட்டு அவள் வார்த்தைகளைக் குறித்துவந்தேன். தொற, தாத்தா, கொக்கு, சேறு, வா, இன்னும். பதினொரு வார்த்தை சேர்ந்தது. ‘யாரிடம்’ என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். பதினொன்றிலும் அவர் பெயர். கைப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பான். மின்விசிறியைப் பார்த்தும் சிரிப்பான், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அவர் சோறு பிசைந்தால் வாயைத் திறப்பாள். நான் பிசைந்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள். அவர் தோளில் வாய் பிளந்து தூங்குவாள். அந்தத் தோளைப் பார்க்கும்போது எனக்கு வந்த எண்ணங்களைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், இங்கே மறுபடி வேண்டாம்.

ஆகவே இரண்டாவது மனு எழுதினேன். பொருள்: குழந்தையின் பேச்சு, திருத்தம் கோருதல். பார்வை: எனது முந்தைய மன்றாட்டு. கோரிய வரம் கிடைக்கப்பெற்றதற்கு நன்றி என்றும், ஆனால் அது என் இல்லத்தில் தங்கியுள்ள சம்பந்தியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றும், மேற்படியார் விரைவில் தம் சொந்த ஊர் திரும்பவும் குழந்தை மனுதாரரிடம் பேசவும் ஆவன செய்யுமாறும் எழுதினேன். முகவரி இல்லாத மனுவை நான் என் காலத்தில் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆகவே பெயர், கதவு எண், தெரு, பழைய பதவி எல்லாம் தெளிவாக எழுதினேன். அடியில், ‘நகல்: புனித அந்தோணியார், தகவலுக்காக.’

ஞாயிறு பூசை தவிர வேறு வழிபாட்டுக்கு நான் வந்தவன் அல்ல. சனிக்கிழமை நவநாளில் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார்கள் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்கு அது தெரியாது.

அந்தச் சனிக்கிழமை, பேத்தி பேசியதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சவரிமுத்துதான் எங்களை நவநாளுக்கு அழைத்துவந்தார். அமலி அவர் மடியில். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண் நல்ல உச்சரிப்போடு வாசித்தாள். ‘பொருள்’ என்றதுமே எனக்கு வியர்த்துவிட்டது. கதவு எண் வந்தபோது முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நகலையும் அவள் விடவில்லை.

நவநாள் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். தெருமுனையில் சவரிமுத்து நின்றார்.

“சம்பந்தி, ஒரு சந்தேகம்.”

“சொல்லுங்க.”

“தெரு பேரெல்லாம் எழுதியிருந்தீங்க. எம்பேரை மட்டும் காணுமே. மேற்படியாருன்னா மாதாவுக்கு யாருன்னு வெளங்குமா?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“நாத்தங்காலுக்குத் தண்ணி வந்துருச்சாம். திங்கக்கெழம கெளம்புறேன்” என்றார். நாற்றங்காலைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், எனக்கு அங்கே வேலையே இல்லை என்று இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தார்.

செலின் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: “ஏம்ப்பா, புள்ள பேசணும்னு வேண்டுனீங்களா, உங்ககிட்ட பேசணும்னு வேண்டுனீங்களா?”

இப்படி ஒரு கேள்வியை எந்த மேலதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை.

அவர் திங்கட்கிழமை போனார். செவ்வாய்க்கிழமையிலிருந்து அமலி வாயை மூடிக்கொண்டாள். பதினொரு வார்த்தையும் போயிற்று. திரும்ப விரல், திரும்ப அழுகை. செலின் போனில் அவர் முகத்தைக் காட்டினால் போனைக் கவிழ்த்து வைத்தாள். மடைப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டாள். நானும் முட்டி வலியோடு குந்தினேன். “தொறக்கலாமா? சொல்லு. தொறன்னு சொல்லு, அமலி.” என் வாயையே பார்த்தாள். மருத்துவரைக் கேட்டேன். சில குழந்தைகள் இப்படிப் பின்வாங்குவது உண்டு, வற்புறுத்தாதீர்கள் என்றார். திரும்பி வருமா என்றேன். பார்ப்போம் என்றார். ‘பார்ப்போம்’ என்பதற்கு அரசாங்கத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம். வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. துவைகல்லில் உட்கார்ந்தேன். காகிதம் இல்லை. பொருள் இல்லை, பார்வை இல்லை. “ஆண்டவரே, எம்புள்ள பேசட்டும். யார்கிட்ட வேணும்னாலும் பேசட்டும். அந்த மனுசன்கிட்டயே பேசட்டும்.” கடைசி வாக்கியத்தைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். அதைச் சொல்லாதவரை நான் வேண்டியதெல்லாம் ஜெபமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் முதல் பூசை முடிந்ததும் அமலியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திருவாரூரில் மாறி, நன்னிலத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். சவரிமுத்து நாற்றங்காலில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் மடையில் தண்ணீர் முட்டி நின்றது.

அமலி என் கையை உதறிக்கொண்டு வரப்பில் ஓடினாள்.

“தாத்தா, தொற!”

அவள் இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் சேற்றுக் கையோடு நிமிர்ந்தார். மடையைத் திறக்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தம் முகத்தைத் துண்டால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம் மனப்பாடம் செய்துகொண்டு போன மன்னிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. “சம்பந்தி” என்று தொடங்கினேன். அதற்குமேல் வரவில்லை. வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தோளிலிருந்து அமலி என்னைப் பார்த்தாள். ஆட்காட்டி விரலை உயர்த்தினாள். நான் யானை அட்டைக்கு உயர்த்துவேனே, அதே மாதிரி.

“சொல்லு” என்றாள்.

சவரிமுத்து வயல் அதிரச் சிரித்தார். “புள்ள கேக்குதுல்ல? சொல்லுங்க சம்பந்தி.”

“தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க. வீட்டுக்கு வாங்க” என்றேன்.

“நடவு முடியட்டும், வர்றேன். இப்ப சாப்புட்டுட்டுப் போங்க.”

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது. ‘சொல்லு’ என்பது எங்கள் வீட்டில் என் வார்த்தை. அவர் அதைச் சொன்னதே இல்லை. எட்டு மாதம் என் வாயையே பார்த்தாளே, அந்தப் பிள்ளை அதை வாங்கி உள்ளே வைத்திருந்திருக்கிறாள். நான்தான் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

நடவு முடிந்து சொன்னபடி வந்தார். இரண்டு கிழவர்களும் செலினும் பிள்ளைகளுமாக வேளாங்கண்ணிக்குப் போய் நன்றி செலுத்தினோம். அமலி இப்போது நிறுத்தாமல் பேசுகிறாள். நோட்டை மூடிவிட்டேன். அவர் தாத்தா, நான் ‘சொல்லு தாத்தா’. பொறாமை அடியோடு போய்விட்டது என்றால் அது பொய்ச்சாட்சி. அவர் பிசைந்த சோற்றுக்கு அவள் முதலில் வாயைத் திறக்கும்போது இன்னும் சுருக்கென்கிறது. அப்போது நானும் அவர் கையிலிருந்தே ஒரு வாய் வாங்கிக்கொள்கிறேன். நன்றாகத்தான் பிசைகிறார்.

உங்களில் யாருக்காவது பிள்ளைகளைப் பற்றிய பாரம் இருந்தால், தயங்காமல் அந்தப் பெட்டியில் போடுங்கள். வரம் யார் கைவழியாக வர வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் எழுதாதீர்கள், அதை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள். அவர் தருவார். எனக்குத் தந்தார்.

சாட்சி சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று இன்று காலை செலினிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அமலி வந்து என் முன்னால் நின்று விரலை உயர்த்தினாள்.

சொல்லிவிட்டேன்.