விரலை எடுத்தால் நிற்கும்

பஹ்மியா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மணலில் ஒரு வட்டம் கீறுகிறார். முக்காட்டின் நுனியைக் கழுத்தோடு சொருகுகிறார். ஓர் ஏலக்காயைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறார். பிறகு நிமிர்ந்து, சுற்றி நிற்கும் கூட்டத்தில் யார் அதிகம் சத்தம் போடுகிறார் என்று பார்க்கிறார். ஆளைக் கண்டதும், அண்ணன் முறை சொல்லி அழைத்து, வேலை கொடுத்துவிடுகிறார்.

"நானா, நீங்க அந்தப் பக்கம் பருந்து வருதா பாருங்க. கண்ண எடுத்திராதீங்க."

சத்தம் போட்டவர் அடுத்த இருபது நிமிடமும் வாயை மூடி வானத்தைப் பார்த்தபடி நிற்பார். இன்னொருவருக்குத் தென்னை ஓலை, மற்றவருக்கு மின்கம்பி. வட்டத்துக்குள் யாரும் கால் வைக்காமல் பார்க்கும் பொறுப்பு எப்போதும் கூட்டத்திலேயே பெரிய குழப்படிக்காரருக்குத்தான்.

வயது முப்பத்தெட்டு. ஊர் கிண்ணியா. திருகோணமலை நகரில் ஒரு ஸ்டூடியோவில் ட்ரோன் பறக்கவிடுவது தொழில். கலியாணம், கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி, தம்பலகாமத்தில் யானை மிதித்த வயல். பையில் அனுமதிக் கடிதமும், துறைமுகப் பக்கம் பறக்கக்கூடாத இடங்களைச் சிவப்பு மையால் கட்டிய வரைபடமும் இருக்கும். யாரும் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுவார்.

உட்துறைமுக வீதியில் எனக்கொரு சிறிய பட்டறை. அளவுக் கருவிகள் திருத்துகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் அவர் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். பையைத் திறந்ததும் நெய்ச்சோற்று வாசம். ட்ரோனின் நான்கு மோட்டர்களில் இரண்டுக்குள் சோறு.

"கலியாண ஊட்ல சஹன் தட்டுக்குள்ள இறங்கிட்டு தம்பி. ஆறு பேர் திண்டுக்கிட்டு இருந்த சஹன். ஒருத்தர் சொல்றாரு, இறைச்சி காணாதெண்டு நினைச்சம், வானத்தில இருந்து வந்திட்டெண்டு."

சிரிக்காமல் சொன்னார். அந்த ட்ரோன் ஸ்டூடியோவுக்குச் சொந்தம். இன்னொரு முறை விழுந்தால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பறப்புப் பதிவைக் கணினியில் திறந்தேன். விரல் எப்போது எவ்வளவு அசைந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் நான்கு நிமிடம் கோடு வழவழப்பு. அதன்பின் வாள் பல். கேட்டேன்: "இந்த இடத்தில என்ன நடந்தது?"

"சனம் வந்திச்சி."

கடைசியில் ரிமோட்டின் இரண்டு குச்சிகளும் ஓரம்வரை சாய்ந்திருந்தன. அதற்கும் காரணம் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நீங்க யார்ட புள்ள?" என்று கேட்டிருக்கிறார். பெரியவருக்கு முதுகைக் காட்டியபடி எப்படிப் பதில் சொல்வது? உடம்பு திரும்பியது. உடம்போடு விரலும் போனது.

"பயம் வந்தால் கட்டைவிரல் ரெண்டையும் எடுங்கோ அக்கா. அது நிண்ட இடத்திலயே நிக்கும். விழாது."

"தெரியும் தம்பி. தலைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியலயே."

பிறகு அவர் செய்தது எனக்குத் தோன்றியிருக்காது. பின்னேரங்களில் சனம் காற்று வாங்க வரும் நேரமாகப் பார்த்துக் கிண்ணியாப் பாலத்தடிக்குப் போனார். ட்ரோனைத் தண்ணீருக்கு மேலே உயர்த்தி, விரல்களை எடுத்துவிட்டு, கூட்டத்தின் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றார்.

"இப்ப கேக்குறதக் கேளுங்க."

முதல் நாள் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். உள்ளங்கை வியர்த்து ரிமோட் வழுக்கியது; இறக்கிவிட்டார். அடுத்த கிழமை மூன்று கேள்விகள். இது எவ்வளவு தூரம் போகும், எங்கட வீட்டுக் கூரை தெரியுமா, உங்கட மாப்பிள்ளை ஒண்டும் சொல்றல்லையா. ஒருவர், "ராத்தா, சில்லில்லாத ஓட்டோவா இது? சந்திவரைக்கும் ஏத்துவீங்களா?" என்றிருக்கிறார். "ஏத்துவன். முதல்ல மூணு நாள் பட்டினி கிடந்து மெலிஞ்சிட்டு வாங்க" என்று இவர் சொல்ல, கூட்டம் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் பதிவை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். "பல்லு குறைஞ்சிருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. குறைந்துகொண்டே வந்தது. எட்டு மாதமானபோது கோட்டில் ஒரு பல்லும் இல்லை. திரையை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார்.

பயம் இன்றைக்கும் போகவில்லை. பறக்கவிடுவதற்கு முன் ஏலக்காயைக் கடிக்கும் சத்தத்தில் அது தெரியும்.

போன மாதம் என் அம்மா இறந்தார். இதயம். அறுபத்தேழு வயது. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

தங்கை தேனுகா கனடாவில். அகதி விண்ணப்பம் முடியவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக ஏலாது. தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டாள். "அம்மான்ர முகமும் பாக்கேல்ல. சாம்பல் தண்ணியில சேருறதையாவது காட்டு அண்ணா."

எங்கள் வீட்டு வழக்கப்படி, சாம்பல் வைத்த மண்முட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் கரையைப் பார்த்து நின்று, பின்பக்கமாக விடவேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். சாம்பல் சேரும் இடத்தை நானும் பார்க்கப் போவதில்லை. தேனுகாவுக்காக மேலிருந்து பஹ்மியா அக்காதான் பார்த்துப் படமெடுக்கவேண்டும். சாம்பல் கரைத்த அன்று அவரிடம் ஒரே பற்றரி. மற்றது ஊதிப்போய் என் மேசையில் கிடந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் அதைத் தொடவில்லை.

சல்லிக் கடற்கரையில் வலை இழுத்து முடித்தவர்கள் நாற்பது பேர்வரை கூடிவிட்டார்கள். "தங்கச்சி, மீன் எங்க நிக்குதெண்டு இது சொல்லுமோ?" என்றார் ஒருவர்.

"சொல்லும் அண்ணன். முதல்ல பருந்து எங்க நிக்குதெண்டு நீங்க சொல்லுங்க."

ட்ரோன் எழுந்து கடலுக்கு மேலே போய் நின்றது. நான் தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்துத் திரும்பினேன். அப்போது வலைக்காரப் பெண் ஒருவர் அக்காவுக்குப் பின்னால் வந்து, "நீங்கள் ஆரின்ர பிள்ளை?" என்று கேட்பது எனக்கே கேட்டது. என் கை முட்டியை இறுக்கியது. அக்கா விரல்களை எடுத்தார். நிதானமாகத் திரும்பி, "கிண்ணியா, ஸஹாப்தீன்ட மகள்" என்றார். மறுபடி என் பக்கம் திரும்பினார். ட்ரோன் நின்ற இடத்திலேயே நின்றது.

"விடும் தம்பி" என்றார் கிரியை செய்ய வந்திருந்த ஐயர்.

என்னால் முடியவில்லை. கருவிகளின் திருகாணி தவறாத கை, அந்த முட்டியைவிட்டு வரவில்லை. ஐயர் மறுபடி சொன்னார். காற்று ஏறிக்கொண்டிருந்தது; பற்றரி இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது வீதத்தில் ரிமோட் கத்தத் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். கத்தியது.

பஹ்மியா அக்கா திரையைப் பார்க்கவில்லை. ரிமோட்டைக் கழுத்துப் பட்டியில் தொங்கவிட்டார். இரண்டு கட்டைவிரல்களையும் எடுத்து, எனக்குத் தெரியும்படி தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.

நான் விட்டேன்.

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நான் கரையேறி அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை, அந்த விரல்களை அவர் கீழே இறக்கவில்லை.