இறால் கோது வாங்குபவர்

கற்பிட்டிப் பாதையில் நாங்கள் கூலிக்கு இறால் உரித்த வாடிக் கொட்டகைக்கு, கோது வாங்க ஒருவர் லொறியில் வருவார். கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருள்தான் முகக் கிறீமில் ஈரத்தைப் பிடித்து வைக்குமாம். அவருடைய முகமும் பச்சைப்பிள்ளையின் முகம்போல மினுங்கும். ஏற்றுவதற்கு முன் ஒரு கோதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார். ஒருநாள் வெகுநேரம் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி நோய்; கோதில் புள்ளி விழுந்தால் குளத்து இறால் முழுதும் செத்துவிடும். சாகுமுன் அள்ளிய இறால் வாடியில் மலையாகக் குவிந்தது. யாரும் சொல்லியனுப்பாமலே அவர் இரண்டு லொறிகளோடு வந்து நின்றார்.

"அண்டைக்கே புள்ளியக் கண்டீங்க தானே, நானா?" என்று கேட்டேன்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். "கை வெடிச்சிரிக்கி ராத்தா, இதப் பூசுங்க" என்று ஒரு கிறீம் போத்தலை நீட்டினார்.

இறால் வரத்து நின்று வாடியை மூடிவிட்டார்கள். போத்தலை நான் இன்னும் திறக்கவில்லை.