ஷேர்போர்னில் ஒரு குவாத்ரோ

சென்ற சனிக்கிழமை, நகர நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போய்வந்தேன். என்னோடு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிய பிலிப்பீன்காரன் டான்டே, மாத முடிவில் மகளோடு தூரத்து நகரமான ஒஷாவாவுக்குக் குடிபோகிறான். மனைவி போனபின் நான் வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள் அவன். போகுமுன் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்தில், மோர்னிங்சைட்டில் காலை பத்து மணிக்கு 116ஆம் இலக்க பஸ். டிரைவர் தமிழர்.

"ஐயா, தனியவோ?"

"ஓம் தம்பி, வேற ஆர் வாறது?"

கென்னடியில் சப்வே ஏறினால் ஷேர்போர்ன் வரை மாறத் தேவையில்லை. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். போன வருடம் இங்கிலிஷ் எழுத்து வாசிக்கப் பழகியதிலிருந்து ஒரு நிலையத்தின் பெயரையும் நான் விடுவதில்லை. வாசித்து முடிக்குமுன் சில ஓடிவிட்டன.

டான்டே ஊன்றுகோலோடு கதவைத் திறந்தான். "அண்ணை! வாங்கோ, இருங்கோ." எங்களோடு வேலை செய்தே தமிழ் பழகியவன். வீடு முழுக்கப் பெட்டிகள், கதிரை இரண்டுதான்.

அவர்களுடைய தகாலோக் மொழியில் குவாத்ரோ என்றால் நாலு. ஸ்பானியர் விட்டுப்போன சொல். சதுர ஜின் போத்தலை நாலு மூலை என்ற கருத்தில் 'குவாத்ரோ கான்தோஸ்' என்பார்கள். ஒரு கணுக்காலை மறு முழங்காலில் வைத்து இருப்பதும் குவாத்ரோதான்; கால் 4 போல மடிந்திருக்குமாம். வேலை இடைவேளையில் டான்டே அப்படித்தான் இருப்பான். நான் மாட்டேன். ஆட்களுக்கு முன்னால் கால்மேல் கால் போடுவது எங்களுக்குத் திமிர்.

"உங்கட காலுக்கு ஆர் அண்ணை பூட்டுப் போட்டது?" என்று தினமும் பகிடி பண்ணுவான்.

இந்தச் சனிக்கிழமை அவன் காலை நீட்டியபடி இருந்தான்.

"முழங்கால் ஒப்பரேசன், அண்ணை. இனி மடியாது."

"அப்ப குவாத்ரோ?"

"நீங்கள்தான் போடவேணும்."

சுற்றிப் பார்த்தேன். வலக்காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தேன்.

"அண்ணை, மனேஜர் வாறான்!"

சட்டென்று காலை இறக்கிவிட்டேன். கண்ணீர் வரும்வரை சிரித்தான். நானும்தான். பிறகு திரும்பவும் போட்டேன். தேநீர் குடித்து முடியும்வரை இறக்கவில்லை.

இப்படிப் போகிறவர்கள் அந்த மாடிக் கட்டிடங்களின் லிஃப்டுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதியோர் கட்டணத்தை பிரெஸ்டோ பயண அட்டையில் கட்டினால் இரண்டு மணி நேரம் செல்லும். ஒரு வழிக்குப் போதும். சாமான் கட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள். ஒஷாவாவுக்கு எந்த பஸ் என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.

திரும்பும்போது சப்வே பெட்டியில் பக்கத்து இருக்கைகள் காலி. குவாத்ரோ போட்டு இருந்தேன். கென்னடி வரை, மனேஜர் வாறான் என்று சொல்ல ஒருவரும் ஏறவில்லை.