ஜோதியின் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது

வரைபேனாவை எடுப்பதற்கு முன் ஜோதி ஒரு கையைக் குவித்து, கவளம் உண்பதுபோல வாயருகே கொண்டுபோவாள். அது சோற்றுக்கை என்று உறுதியான பிறகுதான் மற்றது இடது என்று அவள் மனம் ஒப்புக்கொள்ளும். வரைவது இடது கையால். சாப்பிடுவது, சின்ன வயதில் வாங்கிய அடிகளின் புண்ணியத்தில், வலது கையால். இந்த இழுபறியில் இடம் வலம் என்ற சங்கதி முப்பது வயது தாண்டியும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆட்டோவில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம்ணே, இந்தப் பக்கம்" என்று கையை நீட்டுவாள். ஓட்டுகிறவருக்கு முதுகில் கண் இல்லை என்பது இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

குழந்தைகளின் படக்கதைப் புத்தகங்களுக்குப் பின்னணி வரைவது அவள் தொழில். "மனுஷங்கள வேற ஆளு வரைவாங்க. அவங்க நிக்கிற எடம் நான்" என்று சொல்லிக்கொள்வாள். வானம், வயல், மலை, மேகம் எல்லாம் கணினியில்தான். முன்பு திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் கல்யாண பேனர் அடிக்கும் கடையில் இருந்தாள். அங்கே மணமக்களுக்குப் பின்னால் அருவி கொட்டவைத்தது, லால்குடி மாப்பிள்ளையைப் பனிமலை மேல் ஏற்றியது எல்லாம் அவள் கைவேலை. பிறந்தது வறண்ட மருங்காபுரிப் பக்கம். அதனாலோ என்னவோ, பச்சையின் மீது அவளுக்கு நம்பிக்கை கிடையாது. எந்தப் பச்சையைத் தேர்ந்தாலும் அதில் துளி செம்மண் நிறம் சேர்ப்பாள். "இல்லாட்டி பொய் சொல்ற மாதிரி இருக்கு" என்பாள்.

சென்ற ஆடியில் அவளுக்கு ஒரு மடிப்புப் புத்தகத்தின் வேலை வந்தது. ஒரே நீளத்தாள், விசிறி மடிப்பாக மடித்தது. விரித்து நிறுத்தினால் மேசை கொள்ளாது. முன்பக்கம் ஒரு கதை, பின்பக்கம் அதன் மீதி. ஒரு சிறுமியின் செருப்பு காவிரியில் விழுந்து மிதந்து போகிறது. அவள் கரையோரமாக ஓடுகிறாள். கல்லணையில் செருப்பு அகப்படுகிறது. பின்பக்கத்தில் வீடு திரும்புகிறாள். சிறுமியை ஒருவர் ஏற்கெனவே வரைந்துவிட்டார். ஆற்றை ஜோதி வரைய வேண்டும்.

ஆற்றுக்கு அவள் தூரம் போக வேண்டியதில்லை. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். தினமும் காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை அப்படியே வரைந்தாள். எதிரே மலைக்கோட்டை. நடுவே செம்மண் கலந்த புதுத்தண்ணீர். இரண்டு பக்கமும் வரைந்து முடித்து அனுப்பியபோது, வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் மாற்றிச் செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் பெலிண்டா கூப்பிட்டார்.

"ஜோதி, படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா செருப்பு எதிர்நீச்சல் போடுதே?"

"புரியலை மேடம்."

"கதை இடமிருந்து வலமா போகுது. குழந்தையும் அப்படித்தான் ஓடுது. உங்க தண்ணி வலமிருந்து இடமா வருது. அப்ப செருப்பு எப்படிம்மா அந்தப் பக்கம் மிதக்கும்?"

ஜோதி சோற்றுக்கையை வாயருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "தண்ணி அப்படித்தான் மேடம் போகுது. நான் பாத்துத்தானே வரைஞ்சேன்" என்றாள். சொன்ன கணத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்ததா, பார்த்ததாக நினைத்ததா?

"மொத்தத்தையும் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுடுங்களேன்" என்றார் பெலிண்டா.

விசையை ஒரு தட்டுத் தட்டியதும் படம் திரும்பிவிட்டது. செருப்பு இப்போது ஒழுங்காக மிதந்தது. ஆனால் மலைக்கோட்டை பக்கம் மாறிப்போய், தெரிந்தவர் ஒருவரின் முகத்தைத் திருகிவைத்ததுபோல நின்றது. காலை வெயில் மேற்கிலிருந்து அடித்தது. திருச்சிப் பிள்ளை எதுவும் இதை நம்பாது. ஜோதி மறுபடியும் திருப்பினாள், இன்னொரு முறை திருப்பினாள். பகல் சாயும்போது எது தான் வரைந்தது, எது திருப்பியது என்று அவளுக்கே தெரியவில்லை. உலை கொதித்துக் கஞ்சி அடுப்பை அணைத்த பிறகும் திரையின் முன்னேயே இருந்தாள்.

கணவன் செந்தமிழன் சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே டவுன் பஸ் ஓட்டுகிறவன். சாப்பிட வந்தவனிடம் கேட்டாள்.

"நாள் பூரா பாலத்தைத் தாண்டுறீங்க. தண்ணி எந்தப் பக்கம் போகுது?"

செந்தமிழன் யோசித்தான். "போறப்ப ஒரு பக்கம் போகும். வர்றப்ப இன்னொரு பக்கம் போகும்."

"வெளையாடாதீங்க."

"நான் ரோட்டப் பாப்பேனா, தண்ணியப் பாப்பேனா?" என்று கேட்டுவிட்டு, அவனும் சோற்றில் கை வைத்தபடி குழம்பி உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் பெலிண்டா ஒரு படத்தை அனுப்பியிருந்தார். ஏதோ மென்பொருளிடம் கேட்டதும் நொடியில் போட்டுக் கொடுத்ததாம். பளபளக்கும் நீல ஆறு, பின்னால் யாரும் பார்த்திராத மலைத்தொடர், பச்சைப்பசேல் என்று கரை. தண்ணீர் இடமிருந்து வலமாக ஒழுங்காக ஓடியது. "இந்த வாரம் அச்சுக்குப் போகணும் ஜோதி. உங்களால முடியலைன்னா இதைத்தான் வெக்கணும். எனக்கும் மனசில்லை" என்று கூடவே ஒரு குரல்செய்தி. ஜோதி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கோபம் வரவில்லை. அது அழகாகத்தான் இருக்கிறதோ என்று தோன்றியது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் புருஷன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டினாள். சத்திரத்தில் இறங்கி ஓடத்துறைக்கு நடந்தாள். கரையில் நின்று ஆற்றைப் பார்த்ததும் தலை சுற்றியது. இங்கே தண்ணீர் மாறி ஓடியது. இடமிருந்து வலமாக, பெலிண்டா கேட்டபடியே. கவளத்தை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இந்தத் தண்ணி எங்க போகுது?"

"கெழக்கதான். எதயாச்சும் விட்டுட்டீங்களா?" என்று அந்தப் பெண் தண்ணீரில் தேடினாள்.

ஜோதி நிமிர்ந்தாள். எதிரே அக்கரையில், தென்னைகளுக்கு மேல், ஸ்ரீரங்கத்துக் கோபுரம். நேற்றுவரை அவள் உட்கார்ந்திருந்த படித்துறை அங்கேதான் இருந்தது. ஆறு மாறவில்லை. அவள்தான் கரை மாறி நிற்கிறாள். முன்பக்கத்தை இந்தக் கரையிலிருந்து வரைந்தால் செருப்பு ஒழுங்காக மிதக்கும். அந்தக் கரையிலிருந்து வரைந்ததோ, திரும்பி வருகிற பக்கத்துக்கு அப்படியே சரி. வீட்டுக்குப் போகிற பிள்ளை, அங்கேயும் இடமிருந்து வலமாக, ஆற்றை எதிர்த்துத்தானே நடக்க வேண்டும்?

அங்கேயே நின்று பெலிண்டாவைக் கூப்பிட்டாள். விளக்கம் பலமுறை முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"இருங்க. போன கரை வேற, திரும்பின கரை வேற. குழந்தை எப்படி மாறுச்சு?"

"கல்லணை மேல நடந்து மாறிடும் மேடம். கடைசி மடிப்புல நம்ம காவிரிப் பாலம். அதுல ஏறி வீட்டுக்குப் போயிடும்."

அந்தப் பக்கம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "எனக்கு முழுசாப் புரியலை. ஆனா தப்புன்னும் சொல்ல முடியலை. வரைஞ்சு அனுப்புங்க" என்றார் பெலிண்டா.

ஜோதி முன்பக்கம் முழுவதையும் புதிதாக வரைந்தாள். கோபுரம், தென்னை, அலசிய துணி எல்லாம் வந்தன. சொன்ன வாரத்தைத் தாண்டித்தான் முடிந்தது. அச்சகம் காத்திருந்தது. புத்தகம் பிழைத்தது. பிறகும் அவள் தெளிந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. பெலிண்டா வாழ்த்தியபோதுகூட, "சரியாத்தானே மேடம் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

முதல் பிரதி தபாலில் வந்த அன்று செந்தமிழனுக்கு ஓய்வு. ஜோதி புத்தகத்தைக் கூடத்துத் தரையில் நீளமாக விரித்து நிறுத்தினாள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவன் மண்டியிட்டுப் பார்த்துக்கொண்டே போனான். பின்பக்கத்தைப் பார்க்கத் தாளைத் திருப்பக் கை வைத்தான்.

"அதத் திருப்பாதீங்க. நீங்க அந்தப் பக்கம் போங்க" என்றாள் அவள்.

அவன் எழுந்து சுற்றிப் போய் அக்கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மீதிக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜோதி இக்கரையிலிருந்து, தாளின் விளிம்புக்கு மேலாகத் தெரிந்த அவன் முகத்தைப் பார்த்து, தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுவதுபோலக் கையை உயர்த்தி அசைத்தாள்.