கேட்டுக்கு வெளியே முதல் பீரியட்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை மணி அடித்ததும் இரும்பு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பிறகு வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும்வரை ரோட்டோரம் நிற்க வேண்டும். அன்றைக்கு அரை நாள் ஆப்சென்ட். பிரின்சிபால் இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருந்தார். நான் இன்றுவரை அப்படிச் சொல்லமாட்டேன். தாமதமாக வந்தது லோக்கல் ரயில். வெயிலில் நின்றது நாங்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தேஹு ரோடு ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸிலிருந்து அந்த ரயிலில் பூனா பக்கம் படிக்கப் போன தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள். பத்தாவது வகுப்பு. வருகை குறைந்தால் போர்டு பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம் என்று தீபாவளிக்கு முன்பே எச்சரித்துவிட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் இன்னொரு வருஷம் படிக்க வைக்க முடியாது என்று அப்பாவும் சொல்லியிருந்தார்.

முதல் பீரியட் பூகோளம். மிஸ் மராத்திக்காரர். ஆள் குள்ளம், குரல் பெரிது. ஒரு நாள் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருப்பதைப் பார்த்தவர், உள்ளே இருந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கே வந்துவிட்டார். அவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் இந்தப் பக்கம். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. மிஸ் திறக்கச் சொல்லவும் இல்லை.

சுற்றுச்சுவரின் கறுப்புக் கல்லைத் தட்டி, "இது ஒரு காலத்துல நெருப்பா ஓடிச்சு" என்று இந்தியில் தொடங்கினார். எரிமலைக் குழம்பு ஆறி, அடுக்கடுக்காக உறைந்து, நாங்கள் நிற்கும் பீடபூமி உண்டான கதை. எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்தோம்.

"மிஸ், நாளைக்கு நானும் லேட்டா வரேன்" என்றான் உள்ளே இருந்த ஒருவன்.

"வா வா. உன்னை வெயில்ல நிக்கவெச்சு பாலைவனம் நடத்துறேன்."

சில நாள் இப்படி ஓடியது. ஒரு காலையில் மிஸ் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தபோது பிரின்சிபால் வந்து நின்றார்.

"வெளியில இருக்கறவங்க ஆப்சென்ட்."

"நான் நடத்துறேன், அவங்க கேக்கறாங்க. எப்படி சார் ஆப்சென்ட் போடுறது?"

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "அங்கேருந்து யாராவது குரல் கொடுத்தா டிசி எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மிஸ் எங்களைப் பார்த்தார். "பதில் சொல்றது உங்க இஷ்டம். கூப்பிடறது என் வேலை."

எங்களை ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வெளியே நின்றவர்களில் முதலில் வருவது என் நம்பர். என் குரலை வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அட்டெண்டன்ஸுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவேன். பக்கத்தில் நின்ற தோழி இடித்தாள்.

"வாய மூடிகினு இருடி. டிசி குடுத்துட்டா உங்கப்பா தோல உரிச்சிடுவாரு."

"மூடிகினு இருந்தா மட்டும் இன்னா? ஆப்சென்ட்டுதான."

மிஸ் என் நம்பரைச் சொன்னார். வழக்கம்போலக் கையைத் தூக்கினேன். பிரின்சிபால் மறைத்துக்கொண்டு நின்றதால் மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. மறுபடி சொன்னார்.

"பிரசென்ட் மிஸ்!"

கத்தியே விட்டேன். ரோட்டில் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்கே பிரசென்ட்? நிக்கறது ரோட்ல" என்றார் பிரின்சிபால்.

"கிளாஸ்ல சார்" என்றேன்.

மிஸ் குறித்துக்கொண்டு அடுத்த நம்பரைச் சொன்னார். அதற்கும் பதில் வந்தது. அதற்கடுத்ததற்கும். தோழி என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள். ஒருத்திக்கு டிசி எழுதுவது சுலபம். அத்தனை பேருக்கும் எழுத பிரின்சிபால் உட்காரவில்லை. கேட்டையும் அவர் திறக்கவில்லை. வருஷம் முடியும்வரை நாங்கள் பூகோளம் படித்தது ரோட்டில்தான்.

பத்தாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேச இன்றும் கூச்சம்தான். ஆனால் அந்தப் பரீட்சையை எழுதினேன். ஹால் டிக்கெட்டில் பிரின்சிபாலே கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தேங்க்யூ சொல்லவில்லை.